அவள் இன்னும் சிறுமிதான்: சட்டத்தின் பிடியில் இருக்கும் கறுப்பினச் சிறுமிகளின் மனக்காயம் ஆற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

"இதை ஜட்ஜ் படிப்பாரா, மிஸ்?"

அமெரிக்காவில் ஒரு சிறார் தடுப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. என் மடியில் கேள்வித்தாள். உட்கார்ந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் "உனக்கு நடந்ததிலேயே ரொம்ப மோசமானது எது?" என்று கேட்டிருந்தேன். அவள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. "இங்கே நீ எதை வேணாலும் பேசலாம்மா" என்று மழுப்பினேன். ஸ்வெட்டர் கழுத்தை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். "ஐயாம் குட், மிஸ்." அத்தோடு ஆறு வாரம் வாயே திறக்கவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உங்களுக்கு அந்த ஆறு வாரம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் சமூகப்பணி, உளவியல், பள்ளி ஆலோசனை படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். பயிற்சிக்காகவோ தன்னார்வலராகவோ இந்த மையங்களுக்குள் போகிறார்கள். தடுப்பு மையம் என்றால், தமிழ்நாட்டில் கூர்நோக்கு இல்லம் என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் இல்லாமல் இதில் எதையும் தனியாகச் செய்துபார்க்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன்: நம் வீட்டுக் கூடத்தைப் பெருக்குவோம்

"பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அமெரிக்கா வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே "அந்த ஏரியா பக்கம் போயிடாதே" என்று யாராவது ஒரு அண்ணன் சொல்லியிருப்பார். ஏன் என்று நாமும் கேட்டிருக்க மாட்டோம். இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் அந்த அறைக்குள் நுழைகிறோம். "நானும் கறுப்புதான், எனக்கும் புரியும்" என்பது அதைவிடப் பெரிய தப்பு. உங்கள் நிறம் உங்களுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இடைஞ்சல் செய்திருக்கலாம். அவளுக்கோ அவள் நிறம் போலீஸ் கையில் விலங்காக வந்திருக்கிறது.

சொற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சட்டமொழியில் 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' என்பார்கள். குழந்தையின் பெயருக்கு முன்னால் 'குற்றவாளி' என்று ஒட்டக் கூடாது என்பதற்காக வந்த சொல் அது. உங்கள் குறிப்பேட்டிலும் வாயிலும் அதே கவனம் வேண்டும். 'அடங்காதவள்', 'நடிக்கிறாள்', 'வயசுக்கு மீறின பேச்சு' ஆகிய மூன்றையும் இன்றே அடித்துவிடுங்கள்.

படி 1: அவள் எந்த வழியாக வந்தாள் என்று பாருங்கள்

கோப்பைத் திறந்தால் 'வீட்டை விட்டு ஓடியது', 'பள்ளிக்கு வராதது', 'நன்னடத்தை விதிமீறல்' (அடைக்காமல் வெளியே விட்டு நீதிமன்றம் போட்ட நிபந்தனையை மீறியது), 'தாக்குதல்' என்று இருக்கும். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் கோப்பு சொல்வதைத் தேதியோடு எழுதுங்கள். அதே மாதத்தில் அவள் வீட்டில், பள்ளியில், தெருவில் என்ன நடந்தது என்பதை வலது பக்கத்தில், தெரியத் தெரிய நிரப்புங்கள். ஓடிப்போனாள் என்று எழுதியிருக்கிறது, எங்கிருந்து ஓடினாள்? தாக்கினாள் என்று எழுதியிருக்கிறது. யார் முதலில் கை வைத்தது?

2015ல் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் வறுமை ஆய்வு மையமும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஓரிகன் மாநிலச் சிறார் நீதி அமைப்பில் இருந்த சிறுமிகளில் 93 சதவீதம் பேர் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்தப்பட்டவர்கள் என்றும், தென் கரோலினாவில் 81 சதவீதம் பேர் பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்றும் அதில் இருக்கிறது. அடித்தவன் வெளியே, அடிவாங்கி ஓடியவள் உள்ளே. ஓடிப்போவது போன்ற 'குற்றங்களுக்கு' குழந்தைகளை அடைத்துவைக்கக் கூடாது என்று 1974லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1980ல் ஒரு சந்து திறந்தார்கள். 'இனி ஓடக் கூடாது' என்று நீதிபதி ஆணையிட்டு, அதையும் மீறி ஓடினால் அடைக்கலாம் என்பது அது. 2018 திருத்தம் அந்த வழியை 7 நாளுக்குச் சுருக்கியது, மூடவில்லை.

பள்ளி இன்னொரு வாசல். கல்வித் துறையின் 2011–12 கணக்கில் கறுப்பின மாணவிகளில் 12 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள், வெள்ளை மாணவிகளில் 2 சதவீதம். 2020ல், பெருந்தொற்று உச்சத்தில், மிச்சிகனில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி ஆன்லைன் வீட்டுப்பாடம் செய்யவில்லை, அது நன்னடத்தை விதிமீறல் என்று அடைக்கப்பட்டாள். 78 நாள் உள்ளே இருந்தாள். வீட்டுப்பாடத்துக்கு 78 நாள்!

இதற்கெல்லாம் அடியில் இருப்பதை 2017ல் ரெபேக்கா எப்ஸ்டைன், ஜமிலியா பிளேக், தாலியா கோன்சாலஸ் மூவரும் ஆய்வாக எழுதினார்கள். 325 பெரியவர்களிடம் கேட்டதில், கறுப்பினச் சிறுமிக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் ஆறுதலும் வெள்ளைச் சிறுமியைவிடக் குறைவாகப் போதும் என்றே அவர்கள் நினைத்தது தெரிந்தது. இந்த நினைப்பு ஐந்து வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஐந்து வயது என்றால் பால்பல்லே விழுந்திருக்காது. சிகிச்சை என்று நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பறிபோன சிறுவயதைத் திருப்பிக் கொடுப்பதுதான். அவளைச் சுற்றியிருக்கும் பெரியவர்களை மாற்றாமல் அவளை மட்டும் 'சரிசெய்ய' முடியாது.

படி 2: அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு போங்கள்

ஜட்ஜ் படிப்பாரா? சில மாநிலங்களில் முதற்கட்ட மனநலச் சோதனையில் அவள் சொல்வதை அவளுக்கு எதிராக வழக்கில் பயன்படுத்தச் சட்டம் தடை போட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் அந்தக் காப்பு ஒரே அளவில் இல்லை. 1967ல், அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவனின் தொலைபேசிக் குறும்பு வழக்கில், வக்கீல் வைத்துக்கொள்ளவும் தனக்கு எதிராகத் தானே பேசாதிருக்கவும் குழந்தைகளுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமை சிகிச்சை அறையில் நம் கையால் பறிபோய்விடக் கூடாது.

ஆகவே முதல் சந்திப்புக்கு முன்பே மூன்று வேலை இருக்கிறது. மையத்தின் ரகசியக் காப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றால் நம்பாதீர்கள். அவளுக்காக வாதாட அரசு நியமித்த வக்கீலைக் கூப்பிட்டு, நிலுவையில் இருக்கும் வழக்கு எது, எதைத் தொடக் கூடாது என்று கேளுங்கள். உங்கள் குறிப்பில் தேவைக்கு மேல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று முடிவெடுங்கள். 'சம்பவத்தை விவரித்தாள்' என்பது போதும், விவரத்தை எழுதாதீர்கள்.

பிறகு அவளிடம், கேள்வித்தாளை எடுப்பதற்கு முன், இப்படிச் சொல்லுங்கள்:

"நீ சொல்றதுல மூணு விஷயத்தை மட்டும் என்னால மறைக்க முடியாது. உன்னை நீயே காயப்படுத்திக்கப் போறேன்னா, வேற யாரையாவது காயப்படுத்தப் போறேன்னா, உன்னையோ வேற ஒரு குழந்தையையோ யாராவது துன்புறுத்துறாங்கன்னா, நான் சொல்லியே ஆகணும். சட்டம் அப்படி. இப்ப நடக்கிற கேஸைப் பத்தி என்கிட்ட பேசாதே, உன் வக்கீல்கிட்ட பேசு. என் நோட்டுல என்ன எழுதுறேன்னு எப்ப கேட்டாலும் சொல்றேன்."

'எப்ப கேட்டாலும்' என்று சொல்லிவிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் சோதித்துப் பார்ப்பாள், பார்க்கட்டும். அவள் சமூகத்துக்கு மருத்துவத்தின் மேல் நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் உண்டு. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்தே கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுப் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. பாட்டி சொல்லி அது பேத்திக்குத் தெரியும்.

படி 3: பேச்சுக்கு முன் இடத்தைச் சரிசெய்யுங்கள்

இரவில் கதவு ஜன்னல் வழியே டார்ச் அடித்து எண்ணுவது, இரும்புக் கதவு அறைவது, குப்புறத் தள்ளிப் பிடிப்பது, தனியறையில் பூட்டுவது எல்லாம் அவளுக்கு முன்பு நடந்ததை அச்சு அசலாகத் திரும்ப நடத்துகின்றன. காலையில் சிகிச்சை, மாலையில் அதே காயத்தின் மேல் அடி என்றால் உங்கள் வேலைக்கு அர்த்தமில்லை. சிறைகளில் பாலியல் வன்முறையைத் தடுக்க வந்த 2003 சட்டத்தின் கீழ் 2012ல் வந்த விதிகளின்படி, அவசர நிலை தவிர, சிறார் மையங்களில் ஆண் ஊழியர் சிறுமிகளைத் தடவிச் சோதனையிடக் கூடாது. உங்கள் மையத்தில் இது நடைமுறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சோதனையிடும் முன் "இப்போ உன் தோளைத் தொடப் போறேன்" என்று வாயால் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை. ஊழியர் பயிற்சியில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது தலைமுடி. இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

அம்மாவின் இரண்டு முழங்காலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, "ஆடாதே" என்று தலையில் ஒரு குட்டு வாங்கிப் பின்னிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். கறுப்பினச் சிறுமியும் அதே முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். மைய வாசலில் அந்தப் பின்னலைச் சோதனைக்காக அவிழ்க்கச் சொல்கிறார்கள். பிறகு நேர்முடிக்குச் சரிவரும் ஒரு மலிவு ஷாம்பூவையும் நுண்பல் சீப்பையும் கொடுக்கிறார்கள். சுருள்முடி அதில் காய்ந்து, உடைந்து, சடையாகிறது. அந்தத் தலையோடுதான் அவள் நீதிபதி முன் போய் நிற்க வேண்டும். கலிபோர்னியா 2019ல், இயற்கை முடிக்காகவும் பின்னலுக்காகவும் வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று முதல் சட்டம் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தடுப்பு மையத்தின் சாமான் பட்டியலில் அது எதிரொலிக்க நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

கொள்முதல் பட்டியலில் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: சல்பேட் இல்லாத ஷாம்பூ, கழுவாமல் விடும் கண்டிஷனர், ஷியா வெண்ணெய், பெரிய பல் பிளாஸ்டிக் சீப்பு, இரவில் கட்டிக்கொள்ள சாட்டின் தொப்பி. தொப்பிக்குப் பாதுகாப்புப் பிரிவு ஆட்சேபம் சொல்லும், எங்களுக்கும் சொன்னது. கயிறு இல்லாத எலாஸ்டிக் வகை இருக்கிறது, அதைக் காட்டுங்கள். உளவியலாளர் அஃபியா ம்பிலிஷாகா முடி பராமரிப்பையே மனநலச் சேவையின் வாசலாக வைத்து ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார். கறுப்பினப் பெண்கள் ஆலோசகரிடம் சொல்லாததை முடி திருத்தும் நாற்காலியில் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படி 4: அளவிடுங்கள், ஆனால் அளவுகோலையும் சந்தேகியுங்கள்

பல மையங்களில் சேர்க்கையின்போது மேசி-2 என்ற தாளைக் கொடுப்பார்கள். 52 ஆம்–இல்லை கேள்விகள், பத்துப் பதினைந்து நிமிடம். தற்கொலை எண்ணம், கோபம், பழைய காயங்கள் எல்லாவற்றையும் தொட்டுப்போகும். நல்ல கருவிதான். அது எச்சரிக்கை மணி மட்டுமே, நோய் முடிவு அல்ல. தற்கொலைப் பகுதியில் மணி அடித்தால் அன்றே, அந்த மணிநேரமே, மருத்துவருக்குச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் பிள்ளைக்கு 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் நாடு முழுக்க வேலை செய்கிறது.

குழந்தைப்பருவத் துன்பங்களைப் பற்றிய புகழ்பெற்ற பத்துக் கேள்விகளையும் சிலர் கொடுப்பார்கள். அதன் பிறப்பை மறந்துவிடாதீர்கள். 1998ல் வெளிவந்த அந்த ஆய்வு, சான் டியேகோவில் மருத்துவக் காப்பீடு வைத்திருந்த, பெரும்பாலும் வெள்ளையரான நடுத்தர வர்க்கத்தாரிடம் எடுத்தது. வீட்டுக்குள் நடந்ததைக் கேட்கும், தெருவில் நடந்ததைக் கேட்காது. பின்னாளில் பிலடெல்பியாவில் அதை விரித்து, இனப்பாகுபாடு, பார்த்த வன்முறை, பாதுகாப்பற்ற தெரு, பள்ளிக் கொடுமை, வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தது ஆகியவற்றைச் சேர்த்தார்கள். நீங்களும் சேர்த்துக் கேளுங்கள். "கடையில உன்னைப் பின்தொடர்ந்து வந்திருக்காங்களா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதுவரை உம் கொட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்காருவாள்.

அறிகுறிகளைப் படிப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கண்ணை உருட்டுவது, சத்தமாகச் சிரிப்பது, "என்னைத் தொடாதே" என்று கத்துவது எல்லாம் கோப்பில் 'திமிர்' என்று ஏறும். எதிர்ப்பு நடத்தைக் கோளாறு, ஒழுக்கக் கோளாறு என்ற முத்திரைகள் கறுப்பினக் குழந்தைகள் மேல்தான் எளிதாகக் குத்தப்படுகின்றன. அதே நடத்தை வெள்ளைக் குழந்தையிடம் இருந்தால் கவலையோ மன அழுத்தமோ என்று எழுதப்படும். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காருகிறாளா? கதவைப் பார்த்தபடியே பேசுகிறாளா? ராத்திரி உடுப்பு மாற்றாமல் படுக்கிறாளா? இதெல்லாம் காவல் காக்கும் உடம்பு.

படி 5: முறையைத் தேர்ந்து, அடிவரை மாற்றுங்கள்

கைக்கு எட்டும் முறைகள் மூன்று. மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல்–நடத்தை சிகிச்சையில் தனிச்சந்திப்பு 12 முதல் 16 அமர்வுகள், பராமரிப்பாளரும் சேர வேண்டும், நடுக்கட்டத்தில் காயத்தின் கதையைச் சொல்லவைப்பார்கள். ஸ்பார்க்ஸ் என்பது 16 அமர்வுக் குழுமுறை. பழையதைத் தோண்டாமல் இன்றைய நாளைச் சமாளிக்கக் கற்றுத்தரும். ஜூலியன் ஃபோர்ட் உருவாக்கிய டார்கெட் என்ற முறை தடுப்பு மையங்களிலேயே நடத்தப்பட்டது, அதிலும் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஃபோர்ட் குழுவினர் 2012ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்குப் பிடித்தமானது. சட்டச் சிக்கலில் இருந்த 59 சிறுமிகளில் ஒரு பகுதியினருக்கு டார்கெட், மற்றவர்களுக்கு உறவை மையமாக வைத்த ஆதரவு சிகிச்சை. மனக்காய அறிகுறிகளும் பதற்றமும் குறைந்ததில் டார்கெட் முந்தியது. நம்பிக்கை கூடுவதிலும் கோபம் தணிவதிலும் ஆதரவு சிகிச்சை முந்தியது. நுட்பமும் வேண்டும், கூட உட்காரும் மனுஷியும் வேண்டும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி தழுவல், அதாவது முறையை அவள் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுவது. பயிற்சிப் புத்தகத்தில் பொன்னிறக் கூந்தல் படத்தை எடுத்துவிட்டுப் பின்னல் போட்ட படத்தை வைப்பது மேல்பூச்சு. அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஏமாற்று. குயெர்மோ பெர்னால் 1995ல் எழுதிய சட்டகம் எட்டு இடங்களில் பார்க்கச் சொல்கிறது: மொழி, ஆள், உவமை, உள்ளடக்கம், கருத்து, இலக்கு, வழிமுறை, சூழல். ஓர் உதாரணம். 'உன் பயம் நிஜமா, மிகையா?' என்று சோதிக்கச் சொல்வது அறிவாற்றல் சிகிச்சையின் வழக்கமான பயிற்சி. போலீஸைப் பார்த்தால் அவளுக்குப் பயம் என்றால் அதை 'மிகை எண்ணம்' என்று திருத்துவீர்களா? திருத்தக் கூடாது. "அந்தப் பயம் உன்னை உயிரோட வச்சிருக்கு. எப்போ அது உதவுது, எப்போ உன்னைத் தூங்கவிடாம பண்ணுது?" என்று கேட்க வேண்டும். கருத்தும் இலக்கும் இங்கேதான் மாறுகின்றன. 2021ல் ஐஷா மெட்ஸ்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அந்த அறிவாற்றல்–நடத்தை சிகிச்சையின் படிகளுக்குள் இனப் பெருமையையும் பாகுபாட்டை எதிர்கொள்ளும் தயாரிப்பையும் எப்படிப் பின்னுவது என்று எழுதியிருக்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வெளிநாட்டுத் தளர்வுப் பயிற்சிகளை அப்படியே இறக்கவில்லை. மக்களுக்கு ஏற்கெனவே பழகிய ஜெபத்தையும் சாந்தி ஆசனத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அங்கே ஜெபம் என்றால் இங்கே தேவாலயத்து முணுமுணுப்புப் பாட்டு, கைதட்டு விளையாட்டு, இரட்டைக் கயிறு தாண்டலின் தாளம். "கண்ணை மூடி, கால் நீட்டிப் படு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கண் மூடியிருந்தபோதுதான் அவளுக்கு எல்லாம் நடந்தது.

படி 6: வட்டம் போடுங்கள்

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். 75 நிமிடம். ஒருவர் முதுகும் கதவுப் பக்கம் இருக்கக் கூடாது. கூட நடத்துபவர் ஒரு கறுப்பினப் பெண்ணாக இருக்க வேண்டும், முடிந்தால் இதே வழியைக் கடந்து வந்தவராக, சம்பளத்தோடு. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நாம் பக்கத்தில் உட்காரலாம், நடு இருக்கை நமக்கு இல்லை.

முதல் பத்து நிமிடம் தின்பண்டம். காரச் சிப்ஸ் பொட்டலம் போதும். வாய் எரியும்போது உடம்பு 'இப்போ, இங்கே' திரும்பிவிடுகிறது. அடுத்து, தன்னை வளர்த்த ஒருவரின் பெயரை ஒவ்வொருத்தியும் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருத்தி "என் பாட்டி" என்பாள், ஒருத்தி பக்கத்து வீட்டுப் பெண்மணி பெயரைச் சொல்வாள், இன்னொருத்தி "யாரும் இல்லை" என்பாள். அதை மட்டும் வட்டம் திருப்பிச் சொல்லக் கூடாது. கூட நடத்துபவர் "அப்போ இன்னைக்கு என் பெயரைக் கடன் வாங்கிக்கோ" என்பார். பிறகு அன்றைய பாடம், இருபத்தைந்து நிமிடம்தான். கோபம் உடம்பில் எங்கே ஏறுகிறது, 'ஸ்ட்ராங்கா இருக்கணும்' என்று யார் சொல்லிக்கொடுத்தது என்பது மாதிரி.

கடைசி அரைமணி நேரம் முடி. பல மையங்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தொடவே தடை. மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சீப்புகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், ஒன்று குறைந்தாலும் அடுத்த வாரம் வட்டமே இருக்காது. தொடுமுன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருத்தி நாற்காலியில், இன்னொருத்தி அவள் காலடியில் தரையில். முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால் பேச்சு தானாக வருகிறது. ஆறு வாரம் பேசாதவள் சொன்னேனே, அவள் பேசிய முதல் வாக்கியம் என்னிடம் இல்லை. தன் தலையில் வகிடு எடுத்துக்கொண்டிருந்தவளிடம், "அம்மா இதைவிட இறுக்கமாப் பின்னுவாங்க" என்றாள். அம்மா என்று ஒருவர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆயத்தப் பாடத்திட்டம் வேண்டுமானால், வர்ஜீனியாவில் ஃபே பெல்கிரேவ் உருவாக்கிய 'சிஸ்டர்ஸ் ஆஃப் நியா'வைப் பாருங்கள். நியா என்றால் ஸ்வாஹிலியில் நோக்கம்.

படி 7: கதையை எப்போது திறப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் எத்தனை நாள் இருப்பாள் என்று தெரியாத இடத்தில் திறக்காதீர்கள். தையல் போட நேரமில்லாதவர் காயத்தைப் பிரிக்கக் கூடாது. வழக்கு நிலுவையில் இருந்தால், வக்கீல் சம்மதம் இல்லாமல் கூடாது. திறக்கும் நிலை வந்தால் வடிவத்தை அவளே தேர்வு செய்யட்டும்: ராப், கவிதை, படம், குரல் பதிவு. முடிந்தபின் அது அவளுடையது. நகல் எடுத்து ஆண்டு விழாவில் படிக்கவைக்கும் நிர்வாகத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்துங்கள்.

படி 8: குடும்பம் என்றால் யார்?

படிவத்தில் 'தாய், தந்தை' என்று இரண்டு கட்டம்தான் இருக்கும். கறுப்பினக் குடும்பத்தில் பாட்டி, ரத்த உறவு இல்லாத அத்தை, 'ப்ளே கசின்' என்று அழைக்கும் உடன்வளர்ந்தவர்கள், தேவாலயத்து அம்மா என்று வட்டம் பெரியது. ஒன்றுவிட்ட சித்தப்பாவையும் பக்கத்து வீட்டு மாமியையும் குடும்பமாக எண்ணுகிற நமக்கு இது விளங்க நேரமாகாது. "உனக்கு உடம்பு சரியில்லைன்னா யார் சூப் வச்சுக் குடுப்பாங்க?" என்று கேளுங்கள், வரும் பெயர்தான் பராமரிப்பாளர்.

பாட்டி வந்தால் முதலில் பேசவிடுங்கள். "வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது" என்பது அவர் வாழ்ந்து கற்றது. வெளியே சொன்னால் குழந்தையை அரசு தூக்கிப்போகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. இனத்தைப் பற்றி வீட்டில் பேசும் பேச்சையே சிகிச்சையாக்கிய ரியானா ஆண்டர்சன், ஹோவர்ட் ஸ்டீவன்சன் ஆகியோரின் எம்ப்ரேஸ் முறை இங்கே கைகொடுக்கும். பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து, பாகுபாடு நடந்த தருணத்தில் உடம்பு என்ன செய்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று ஒத்திகை பார்ப்பார்கள். பஸ் இல்லாத ஊரில் மையம் இருந்தால் பாட்டி வர மாட்டார். பயணச் செலவு கேட்டு வாங்குவதும் சிகிச்சைத் திட்டத்தில் ஒரு வரிதான்.

படி 9: தான் முதல் ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும்

1955 மார்ச் 2, அலபாமாவின் மாண்ட்கோமரி. பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக 15 வயது கிளாடெட் கோல்வின் கைதானார். அதே மறுப்புக்காகப் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு. சிறார் நீதிமன்றம் அவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் போட்டது. அந்தப் பதிவு அழிக்கப்பட்டது 2021ல், அவருக்கு 82 வயதில். இதை நான் வட்டத்தில் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்: "அப்போ அவங்களுக்கும் பிஓ இருந்தாங்களா?" நன்னடத்தை அலுவலரைத்தான் பிஓ என்பார்கள். அன்று முழுக்க அதே பேச்சு.

1963ல் ஜார்ஜியாவின் அமெரிக்கஸ் ஊரில் போராடிய சிறுமிகளை, பெற்றோருக்குச் சொல்லாமல் லீஸ்பர்க்கில் ஒரு பாழடைந்த கொட்டடியில் வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். டேனி லயன் எடுத்த படம் இருக்கிறது, காட்டுங்கள். 1915ல் வர்ஜீனியாவில் ஜேனி போர்ட்டர் பேரட், கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் திரட்டிய பணத்தில், சிறைக்குப் போக வேண்டியிருந்த சிறுமிகளுக்கு ஒரு பள்ளி திறந்தார். அங்கே அடி கிடையாது. நூறு வருடத்துக்கு முன்பே இந்த வேலையை அவர்கள் செய்துவிட்டார்கள், நாம் தாமதமாக வந்து 'பண்பாட்டுத் தழுவல்' என்று பெயர் வைக்கிறோம்.

படி 10: வெளியே போகும் நாளை முதல் நாளே திட்டமிடுங்கள்

தடுப்பு மையம் ஆறும் இடம் அல்ல என்பதை இந்த நீண்ட கட்டுரைக்கு நடுவில் மறந்துவிடக் கூடாது. ஹவாயின் சிறார் சிறையில் 2022ல் சிறுமிகள் எண்ணிக்கை பூஜ்யமானது. அங்கே அடைபட்டவர்களில் அதிகம் பூர்வகுடிப் பிள்ளைகள். அடைப்பதற்குப் பதிலாக ஊருக்குள்ளேயே மனக்காயத்துக்கு மருந்து தேடிய பல வருட வேலை அதன் பின்னால் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு விசாரணைக்கு முன்பும் "இவளை வீட்டில் வைத்தே பார்க்க முடியாதா?" என்று உங்கள் கடிதம் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். வக்கீல் வழியாகத்தான்.

வெளியேறும் திட்டத்தில் பள்ளி மீள்சேர்க்கையை முதலில் எழுதுங்கள். உள்ளே படித்த பாடங்களுக்கு மதிப்பெண் போய்ச் சேர்ந்ததா என்று பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள், மின்னஞ்சல் போதாது. மருந்து இருந்தால் ஒரு மாதத்துக்குக் கையில். அடுத்த ஆலோசகரை அவள் வெளியேறும் முன்பே ஒருமுறை சந்திக்க வேண்டும். நன்னடத்தை நிபந்தனைகளை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். பாட்டிக்கு டயாலிசிஸ் இருக்கும் கிழமையில் பிஓ சந்திப்பு விழுந்தால் அது வரப்போகும் விதிமீறல், இன்றே மாற்றச் சொல்லுங்கள். அவள் வழக்குப் பதிவைப் பிறர் பார்க்காதபடி முடக்கும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தானாக நடக்கும் என்று எண்ணாமல், தேதியை அவள் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, சாமான் பை. பிடித்துவந்த நாளில் அவள் போட்டிருந்த உடுப்பை ஒரு பையில் கட்டி வைத்திருப்பார்கள், போகும்போது அதையே கொடுப்பார்கள். ஜூலையில் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக வந்தவள் டிசம்பரில் வாசலில் நிற்பாள். ஒரு வாரம் முன்பே அந்தப் பையை வாங்கித் திறந்து பாருங்கள். கோட்டு, காலுறை, சாட்டின் தொப்பி, பெரிய பல் சீப்பு ஒன்று. சீப்பு அவளுக்கே, அதை எண்ணித் திருப்பி வாங்க வேண்டாம்.